நாற்பத்தேழாம் வரி

ஆற்றோரத்து மடத்திலிருந்து சிஸ்டர் அப்பொலின் கூப்பிட்டபோது
நான் சோறு வடித்துக்கொண்டு நின்றேன்.
"மதாம் தவரூபி, நாளை பத்து மணிக்கு அடக்கம்.
நேற்றுவரை அச்சான தாள் இன்று அச்சாகவில்லை."
யார் செத்தது என்று கேட்கத் தோன்றவில்லை.
எந்தப் பதிப்பு என்று கேட்டேன்.

ஃப்ரிபூரில் அப்போது மழை.
கழிவுநீரின் பாரத்தில் ஏறி இறங்கும் அந்தப் பச்சைப் பெட்டி
என் சன்னலுக்குக் கீழே ஒருமுறை போனது.
வெட்டிய வெங்காயத்தைத் தள்ளிவிட்டு
மடிகணினியை வைத்தேன்.

நாலு கோடு, அதில் சதுரச் சுரங்கள்.
கோப்பைத் திறந்தால் அவை சுரங்களே அல்ல.
லத்தீனில் ஓர் அசை, பிறகு அடைப்புக்குறி,
அதற்குள் எஃப், ஜி, எச் என்று
ஏணியில் எத்தனையாவது படி என்பதற்கு ஓர் எழுத்து.
டபிள்யூ தட்டினால் சுரம் பல்லுப்பல்லாய் நடுங்கும்.
பக்கத்தில் புள்ளி வைத்தால் நீளும்.
இந்தப் புள்ளி எனக்குப் பழக நாளானது.
என் மொழியில் புள்ளி தலையில் ஏறினால்
எழுத்து அரை மாத்திரைக்குச் சுருங்கிப்போகும்.

புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டதாம், சரி என்று அழுத்தினாளாம்.
கோடுகளைக் காணவில்லை.
சுரங்கள் வெள்ளைத்தாளில் தொங்கின,
கொடி அறுந்தும் விழாத துணிகள் மாதிரி.
ஒரு கட்டளையின் பெயரை மாற்றிவிட்டிருந்தார்கள்.
நானும் மாற்றினேன். கோடுகள் வந்தன.
உடனே நாற்பத்தேழாம் வரியில் நின்றது:
'இந்த எழுத்துருவில் "‌" என்ற எழுத்து இல்லை.'

மேற்கோளுக்குள் ஒன்றுமில்லை.
இல்லாத ஒன்று இல்லை என்று
இத்தனை கோபமாய் ஒரு மென்பொருள் சொல்லி
நான் கண்டதில்லை.

மேல்பாதியை மறைத்து ஓட்டினேன். நின்றது.
கீழ்ப்பாதியை மறைத்தேன். ஓடியது.
பாதியில் பாதி, அதிலும் பாதி,
கடைசியில் ஒரே ஒரு அல்லேலூயா மிஞ்சியது,
அதன் கடைசி 'யா' முப்பத்தொரு சுரம் நீளம்.
அம்புக்குறியை அழுத்தி அழுத்தி நடந்தேன்.
ஓர் இடத்தில்
சுட்டி நகரவில்லை.
இன்னொருதரம் அழுத்தினேன், நகர்ந்தது.
ஓரடிக்கு இரண்டு காலடி.

அங்கேதான் இருந்தது.
அகலமில்லை, மையில்லை, ஒலியில்லை.
எழுத்துகள் ஒட்டாமல் இருக்க என் தமிழ் விசைப்பலகை
இடையிலே செருகும் குறி.
போன கிழமை நான்தான் இந்த வரியைத் திருத்தினேன்.
அம்மாவுக்குக் குறுஞ்செய்தி எழுதிய கையோடு
மொழி மாற்ற மறந்திருப்பேன்.

பழைய பதிப்பு அதைக் கேள்வி கேட்காமல்
ஒரு சின்ன இடைவெளியாய் விட்டிருக்கிறது.
புதியது சண்டைக்கு வருகிறது.

அழித்தேன். பக்கம் வந்தது.
"பிழை என்னுடையது" என்று சொல்லி அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் மறுபடி ரெலிபோன்.
"அந்த இடைவெளி எங்கே?"
அது பிழை என்றேன், மறுபடியும்.
"இருக்கலாம். ஆனால் ஒரு கிழமையாய்
சிஸ்டர் விபொராடா அங்கேதான் மூச்சு எடுக்கிறாள்.
எண்பத்தொன்பது வயது. மூக்கில் குழாய்.
அவளுக்காக நாங்கள் எல்லோரும் அங்கே நிற்கிறோம்.
ஏதோ கையெழுத்துப் பிரதியிலிருந்து
நீங்கள் கண்டுபிடித்தது என்றே நினைத்தோம்."

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.
பின்னால் யாரோ இருமுவது கேட்டது.

மூச்சுக்கென்று ஒரு குறி இருக்கிறது,
மேல்கோட்டை வெட்டும் சின்னக் கீறல்.
விசைப்பலகையின் இடது மூலையில்
இந்த நாட்டுக்கு வந்த பதினேழு வருடத்தில்
ஒருநாளும் தொடாத சாவியை அழுத்தினேன்.
முப்பத்தொரு சுரத்தில் பத்தொன்பதாவதுக்குப் பிறகு
கீறல் விழுந்தது, கண்ணுக்குத் தெரியும்படி.

சோறு குழைந்திருந்தது. அப்படியே சாப்பிட்டேன்.
பிறகு பற்றுச்சீட்டு எழுத உட்கார்ந்தேன்:

தெரியாத எழுத்து ஒன்றை நீக்கியது, ஒன்றரை மணி நேரம்.
அதை அதே இடத்தில் திரும்ப வைத்தது,

இதற்கு எத்தனை பிராங்க் என்று
இன்னும் எழுதவில்லை.