கடைசி இலக்கம்

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான்
தராசைத் தொடுவேன்.
செராஸ் புழுக்கம் சட்டைக்குள் இறங்கும்,
இறங்கட்டும்.
காற்றுக்கும் எடையுண்டு என்று
கடைசி இலக்கம் துடித்துக் காட்டும்.

கைப்பிடி மேலே. ஒரு தட்டு. கீழே.
அதே வேகம், அதே அழுத்தம்.
சாம்பல் நிறச் செதில்கள்
ரவை சலிக்கும் ஓசையோடு விழும்.
பத்துக்கு ஒன்றை நிறுத்துப் பார்ப்பேன்.

முப்பத்தொன்றில் போன் அதிர்ந்தது.
வங்கி. கார் தவணை, மூன்றாவது மாதம்.
"வெள்ளிக்குள்ள கட்டிடுறேன் மிஸ்."
கை மட்டும் கைப்பிடியை விடவில்லை.
பேசிக்கொண்டே எத்தனை இழுத்தேன்?
நாலா, ஆறா?

பலகையில் ஐம்பது பித்தளைக் கூடுகள்
வாய் திறந்து நின்றன.
டார்ச் அடித்துக் குனிந்தேன்.
எல்லாம் ஒரே மட்டமாய்த்தான் தெரிந்தன,
வங்கிக்காரியிடம் பேசிய என் குரல் மாதிரி.

சனிக்கிழமை ஹஸ்லினா சுடுவாள்.
அட்டையில் ஒரு ஓட்டை தள்ளி விழுந்தால்
தன் மூச்சைச் சந்தேகிப்பாள்,
மணிக்கட்டைத் திட்டுவாள்,
இரவெல்லாம் வெறுங்கையை நீட்டிப் பழகுவாள்.
அது என் தவணை என்று
யார் போய்ச் சொல்வது?

ஒவ்வொன்றாய்க் கவிழ்த்தேன்.
ஐம்பதையும்.
மருந்து புட்டிக்குத் திரும்பியது.

கழகத்து இயோ கதவிடுக்கில் தலை நீட்டி
"இன்னும் முடியலையா?" என்றார்.
நாலு மணி மழைக்கு வானம்
உறுமத் தொடங்கியிருந்தது.

போனை லாக்கரில் வைத்துப் பூட்டினேன்.
தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன்.
நின்றது.
நானும் கொஞ்சம் நின்றேன்.

கைப்பிடி மேலே.
ஒரு தட்டு.