கூடல்வாய்

வார்டில் என் வேலை
வெளியே போவதை அளப்பது.
உள்ளே போவதை விசாரிக்க ஆயிரம் பேர்:
கஞ்சி இறங்கிச்சா, இளநீர் கொடுக்கலாமா.
பையில் எத்தனை மில்லி வடிந்தது என்று
ராத்திரி இரண்டு மணிக்குக் குனிந்து பார்ப்பவள் நான்.
குறைந்தால் முதலில் குழாயைப் பார்,
அப்புறம் டாக்டரைக் கூப்பிடு.
பதினாறு வருஷமாக இதுதான் சட்டம்.

வீட்டுக்கு வந்தால் சட்டம் கிடையாது.

சைதாப்பேட்டையில், பாறை மலைக்குக் கீழே,
என் ஓட்டுக்கூரையும் மெஹருன்னிசாவின் ஓட்டுக்கூரையும்
சரிந்து வந்து சேரும் பள்ளம்.
கூடல்வாய்.
இருபத்தாறு அடித் தகரம்.
அவள் பத்திரத்திலும் இல்லை, என் பத்திரத்திலும் இல்லை.
சர்வேயர் கல் நட்டுப் பிரித்தது
தரையை மட்டும்தான்.

புரட்டாசியில் பீரோவுக்குப் பின்னால் ஒரு கறை,
உள்ளங்கை அகலம்.
ஐப்பசி முடிவதற்குள்
பிரிப்பதற்கு முந்தைய வட ஆற்காடு அளவுக்கு
எல்லை போட்டுக்கொண்டது.
காரை ஊதி உதிர்ந்தது.
கைமரத்தில் விரலை வைத்தேன்,
நகம் இறங்கியது.
கல்யாணப் புடவை, மகனின் மார்க் ஷீட், வீட்டு வரி ரசீது,
எதை எடுத்தாலும் ஒரே வாடை.
ஆற்றில் தண்ணீர் இல்லை என்று
பேருக்குப் பேர் கேலி பேசும் ஊரில்
என் பீரோவுக்குப் பின்னால் மட்டும் வற்றாத ஊற்று.

கொத்தனார் திருவேங்கடம் சுவரைத் தட்டிப் பார்த்தார்.
ரெண்டு கோட் அடிச்சா மறைஞ்சிடும், எட்டாயிரம் ஆகும்.
மறையத்தான் மறையும்.

ஞாயிற்றுக்கிழமை நைட் டூட்டி முடிந்து
தூங்காமல் ஏணி வைத்தேன்.
(கையுறை காசு கொடுத்து வாங்கியது,
வார்டில் எடுத்ததில்லை.)
வருஷா வருஷம் ஏறுகிறவள்தான்.
தெருப்பக்கம் ஏறி
துடைப்பம் எட்டுகிற வரைக்கும் தள்ளிவிட்டு
இறங்கிவிடுவேன்.
எங்கே தள்ளினேன் என்று பார்த்ததில்லை.

அன்றைக்குத் தவழ்ந்து போய்ப் பார்த்தேன்.
சரியாக நடுவில் ஓர் அணை.
புங்கஞ்சருகு, புறா எச்சம், பட்டத்து நூல்,
பாதி சோப்பு,
யாரோ ஒரு நோயாளியின் பெயர் அழிந்த கைப்பட்டை.
அதன்மேல் நான்கு இலை விட்டு
ஓர் அரசங்கன்று,
வேரை என் ஓட்டுக்கடியில் ஒன்று
அவள் ஓட்டுக்கடியில் ஒன்று என
பாரபட்சமில்லாமல் விட்டிருந்தது.

அணைக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழுந்தது.
கொல்லைப்பக்கம் ஏறியிருக்கிறாள்,
கையில் முறம்.
"சிஸ்டர், நீங்களும் இப்படித்தான் தள்ளுவீங்களா?"
நான் பதில் சொல்லவில்லை.
"என் சமையக்கட்டுச் சுவரு
போன வருஷமே போச்சு."
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
மலையைப் பார்த்தோம்.

மூன்று சிமெண்ட் மூட்டைச் சேறு.
அடியில் தகரம் சல்லடை.
அவள் வீட்டிலிருந்தே ஷூவுக்கு மேல்பாகம் தைப்பவள்;
ஒரு துண்டுத் தோல் வைத்து ஒட்டலாமா என்றேன்.
"தோல் ஊறும் சிஸ்டர். தார் ஷீட் வாங்குங்க."
அறுநூற்று எண்பது. பாதிப் பாதி.

ஒட்டிக் காய்ந்ததும்
கொல்லை முனையில் நின்று ஒரு குடம் சாய்த்தாள்.
நான் தெரு முனையில் குனிந்து கேட்டேன்.
வந்தது, தயங்காமல்,
வந்து கீழே விழுந்தது
அம்மாவின் ஆபரேஷன் தேதிக்காக
லாட்ஜில் காத்திருக்கும் வங்காளத்துப் பையன்
எங்கள் வாசல் கம்பியில் காயப்போட்ட லுங்கிமேல்.
அவன் கத்தியது முழுக்கப் புரிந்தது.

கறை இன்னும் அங்கேயேதான்.
உலர வெயில் வேண்டும்,
அதற்கு இந்த ஊரில் பஞ்சமா,
மாசி பிறக்கட்டும்.

நேற்று ராத்திரி மழை. நான் டூட்டியில்.
மூன்று மணிக்கு போன், மெஹருன்னிசா.
பேசவில்லை.
போனை வாசலில் நீட்டிப் பிடித்திருக்கிறாள்:
தகரத்தில் ஓடி வந்து
தெருவில் கொட்டுகிற சத்தம்.
கேட்டுக்கொண்டே
ஆறாம் படுக்கைப் பக்கம் குனிந்தேன்.

நானூற்று ஐம்பது.
எழுதிக்கொண்டேன்.