பூஜ்யத்துக்கு ஒரு வீல் கப்

மார்ச். மழை இன்னும் விட்டபாடில்லை.
கில்லோரா மைதானத்தில் தவளைகள்தான்
முதலில் ஆட இறங்கியிருந்தன.
ஏணி போட்டு ஏறி
புயல் விட்டுவைத்த தகர எண்களை எண்ணினேன்:
ஒன்று முதல் ஒன்பது வரை இரண்டிரண்டு சரி.
பூஜ்யம் மட்டும் ஒன்று குறைந்தது.
ட்ரெவின் தன் பழைய காரிலிருந்து
வீல் கப்பைக் கழற்றித் தந்தான்.
"நம்ம பக்கம் மாட்டு, நோலீன்.
அதிகம் தேவைப்படும்."

தேவைப்பட்டது.
முதல் ஆட்டத்தில் முப்பத்தெட்டுக்கு
எதிரே எண்பது நிமிடமும்
அது வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

மாநிலக் கோப்பை இது, இரண்டாம் படி.
மேல்படி தெற்கே இருக்கிறது,
விளக்கு வெள்ளத்தில், டிவியில்.
இங்கே ப்ராப் ஆடும் லொமானி சிறைக் காவலர்,
இரவு ஷிப்ட் முடித்து நேரே வருவார்.
விங்கர் கோடென் கூரைகளில் சோலார் தகடு பதிப்பவன்.
ஹூக்கர் கணக்கு வாத்தியார்;
பஸ்ஸில் திருத்திய தாள் ஒன்றில்
அவர் மூக்கு ரத்தம் சொட்டிவிட்டது.
அந்தப் பையனுக்கு இரண்டு மார்க் கூட.

ஏப்ரலின் கடைசியில் அபியா கெபிசு
ஓடக் கற்றுக்கொண்டான் என்று சொல்லக் கூடாது,
நாங்கள் பார்க்கக் கற்றுக்கொண்டோம்.
ஏழாம் எண் சட்டை, இருபது வயது,
டோரஸ் நீரிணைத் தீவுப் பிள்ளை.
ஐந்தாவது டாக்கிள் முடிந்து
எல்லோரும் உதைக்குக் காத்திருக்கும்போது
பந்தை மடியில் ஒளித்துப் போய்விடுவான்.
வரிசையாக நான்கு வெற்றி.
நாலு, ஆறு, பத்து, பன்னிரண்டு என்று
ஏணியில் ஏறி இறங்கி
என் முழங்கால் வீங்கியது. சந்தோஷமான வீக்கம்.

செவ்வாய்க்கிழமை தெற்கிலிருந்து போன் வந்தது.
வாயார வாழ்த்தினோம்
வயிறெரிந்துகொண்டே.
சனிக்கிழமை கிளப் டிவியில்
பதினான்கு நிமிடம் ஆடினான்.
பதினான்கு நிமிடமும்
யாரும் பீர் வாங்க எழவில்லை.

அவனுக்குப் பதில் மேலிருந்து இறங்கி வந்தவருக்கு
முப்பத்துமூன்று வயது, முழங்காலில் கட்டு.
கார்டெல் ஹெஸ்லிங்.
யார் முகத்தையும் பார்க்கவில்லை.
ஆட்டம் முடிந்ததும் மூலைக் கொடிகளைப்
பிடுங்கிச் சுருட்டி
தானே கொட்டகைக்குள் வைத்தார்.

ஜூனில் ஆலை ஓடத் தொடங்கியது.
தோட்டங்களில் கரும்புச் சோகைக்குத் தீ வைக்க,
சாம்பல் சுருள் சுருளாக
ஸ்க்ரம்மின் மேல் இறங்கும்.
ரெஃபரி விசில் ஊத மூச்சை இழுத்து
இருமினார். அதற்கும் பெனால்டி கேட்டோம்.

வெளியூர் ஆட்டங்களுக்கு எனக்கு வேலையில்லை.
இருந்தும் ஜூலையில் ஓர் இரவு
ரேடியோவை ஏணிப்படியில் வைத்து
ஆளில்லாத மைதானத்துக்குத்
தகரம் மாட்டினேன்.
பதினெட்டு, பதினெட்டு.
கடைசி நிமிடத்தில்
எவனோ ஒருவன் எட்ட நின்று உதைத்தான்.
எட்டை எடுத்து ஒன்பதைக் கொக்கியில் போட்டேன்.
ஒரு நாய் பார்த்துவிட்டுப் போனது.

கடைசி ஆட்டம்.
முதல் எட்டில் நுழைய
இருபத்தொன்று வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும்.
சொன்னவர்களே சிரித்தார்கள்.
லொமானி ஒன்று, கோடென் ஒன்று, வாத்தியார் ஒன்று,
மூன்றும் உதையோடு. பிறகு ஒரு பெனால்டி.
விருந்தாளிகளின் தகரப் பூஜ்யம் அசையவேயில்லை.
எங்கள் இரண்டுக்குப் பக்கத்தில்
வீல் கப், முதல்முறையாக மதிப்போடு.

ஒரு நிமிடம் பாக்கி.
முப்பது மீட்டரில் ஹெஸ்லிங்கிடம் பந்து.
வீல் கப்பை ஏற்கெனவே கழற்றிவிட்டேன்,
அதை மன்னிக்க முடியாது.
இடது கையில் ஒன்றாம் எண் தகரம்.

கம்பம் டங் என்றது.

இரண்டு மட்டும் தொங்கும் பலகையை
மொத்த மைதானமும் திரும்பிப் பார்த்தது.

திங்கட்கிழமை ட்ரெவின் வந்தான்,
காரை விற்கப்போகிறானாம், நான்கு கப்பும் வேண்டுமாம்.
புயலில் போய்விட்டது என்றேன்.
எந்தப் புயல் என்று
அவனும் கேட்கவில்லை.