மூன்று இஞ்சி

சேவியர் மேசன் முதலில் அளந்தது வாசலை அல்ல,
என்னை.
"கையை விரியுங்கோ பிள்ளை,
சில்லை உருட்டேக்க முழங்கை எவ்வளவு இடம் தின்னுது?"
முப்பத்தைந்து இஞ்சி.
வீட்டுத்திட்ட வரைபடத்தில் முப்பது.
அந்த வரைபடத்துக்குள் குடியிருந்த ஆள்
நடந்து திரிகிறவர் போலும்.

கடைசிக் கட்டுக்காசுக்கு முன்னம் படம் எடுக்க வருவார்கள்.
"படத்தில அகலம் தெரியாது," என்றார்
நிலையைப் பெயர்த்துக்கொண்டே.

ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி சரிவு வேண்டுமாம்.
முழங்காவில் மாரி வெள்ளத்துக்குப் பயந்து
நாங்கள் அத்திவாரத்தை ஒன்றரை அடி உயர்த்தியிருந்தோம்.
பதினெட்டடி நேரே போனால் கிணறு.
ஆகவே மரமுந்திரிகையடியில் வளைத்துத் திருப்பி
ஒரு குட்டி றோட்டுப் போட்டார்கள் எனக்கு.

கனடாவிலிருந்து மச்சாள் ரைல்ஸுக்குக் காசு அனுப்பினா.
மினுங்குகிற தரையில் மாமா வழுக்குவார்.
அந்தக் காசில் கக்கூசைப் பெருப்பித்தோம்.
வீடியோவில் பார்த்து முகம் சுளித்தா:
"இன்னும் சீமெந்துதானா?"
கக்கூசைக் காட்ட எங்களுக்கு வெட்கம்.

மாமாவின் கண்ணைச் சீனி வருத்தம்
ஓரங்களிலிருந்து தின்றுகொண்டு வருகிறது.
அவர் பிடித்து நடக்க கேதீஸ்
நடையின் நீளத்துக்கும் பைப் பூட்டினார்.
பைப்பும் கொழுவியும் மூன்று இஞ்சி.
அது என்னுடைய மூன்று இஞ்சி.
என் விரல் மொளி உரிந்தது,
அவர் கால்விரலில் என் சில்லு ஏறியது,
இரண்டு நாள் கதையில்லை.
மூன்றாம் நாள் கதிரைக்கு ஒரு சைக்கிள் மணி.
"சிரிபி பஸ் வருது," என்று மாமா சுவரோடு ஒட்டுவார்.

சுவிச்சுகளை என் தோளுக்கு இறக்கினோம்.
மாமாவின் கை பழைய இடத்தில் வெறுஞ்சுவரைத் தடவித் தடவிக்
கீழே வரும்.
அவருக்கு இருட்டும் வெளிச்சமும் ஒன்றுதான்.
எனக்காகப் போடுகிறார்.

பிறகு இவள் பிறந்தாள்.
சாதுரியா. கூப்பிடுவது சாது.
சாதுவான ஒன்றையும் நான் இன்னும் காணவில்லை.
ஏணையை என் மடி உயரத்துக்கு இறக்கிக் கட்டினோம்,
இரவில் யாரையும் எழுப்பாமல்
அள்ளி எடுத்துப் பால் கொடுக்கலாம்.
எட்டாம் மாதம் தவழ்ந்தாள்.
எனக்கென்று இறக்கிய பிளக்கெல்லாம்
அவளுக்கென்று இறக்கியதுபோல் ஆயிற்று.
கேதீஸ் தேங்காய்ச் சிரட்டையை வெட்டி
மூடிமூடி ஆணி அடித்தார்.

நேற்று மத்தியானம் அவர் வயலில்.
நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.
மாமா தலையைச் சரித்தார்:
"பிள்ளை சரிவில போகுது."
சொரசொரத்த சீமெந்தில் சின்னக் கை அறைகிற சத்தம்
அவருக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

ஓடிப் பிடிக்க ஆளில்லாத வீடு இது.
நான் சில்லை உள்ளங்கையால் அமத்தி அமத்தி இறங்கினேன்,
தோல் எரிந்தது.
பின்னால் பைப் முடிந்த இடத்தில் நின்று மாமா
"நிண்டிட்டுது, நிண்டிட்டுது, பதறாதை" என்கிறார்.
வளைவில் குந்தியிருந்து அவள்
முந்திரிகைச் சருகொன்றைச் சப்புகிறாள்.
என்னைக் கண்டதும் கையை நீட்டினாள்,
எனக்கல்ல, மணிக்கு.

மேலே ஒரு படலை வேண்டும்.
சேவியர் மேசனுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன்:
கொழுக்கி எனக்கு எட்ட வேண்டும்,
மாமாவின் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்,
இவளுக்கு விளங்கக் கூடாது,
ஒரு வருசத்துக்கெண்டாலும்.