நாற்பத்தேழா, எழுபத்து நான்கா

ஏழு புள்ளி எட்டு என்றது தாள்.
டாக்டர் சிபியா அதன் கீழ் கோடு போட்டாள்.
அண்ணன் பூபாலன் நாற்பத்து நாலு வயதில்
டர்பன் டாக்ஸி வரிசையில் நின்றபடியே போனதைக்
கேட்டுவிட்டு இன்னொரு கோடு.

அன்றிலிருந்து இரவுக்கு ஒன்று.
வெள்ளை. துவரம்பருப்பு அளவு.

முப்பத்தோரு வருஷம்
மெரிபேங்க் எண்ணெய் ஆலையில் வால்வு திருகியவன் நான்.
கச்சா எண்ணெய் கறுப்பாய் நாறிக்கொண்டு வரும்.
அந்தச் சனியனிலிருந்துதான் பெட்ரோல், தார்,
கரண்ட் போன இரவின் மெழுகுவர்த்தி.
கொழுப்பும் அப்படியாம்.
பித்தநீர் அதிலிருந்து,
ஆண்பிள்ளைக்கு மீசை முளைக்கவைத்த சுரப்பும் அதிலிருந்து.
மூளை மட்டும் தன் பங்கைத்
தனி அடுப்பில் தானே காய்ச்சிக்கொள்கிறதாம்.
மாத்திரை அந்த அடுப்படிக்குள் போகுமா?
"சிலது கொஞ்சம் போகும்.
போய் என்ன செய்யும் என்பதில் இன்னும் ஒரே பேச்சு இல்லை."
நேர்மையானவள்.
எனக்குத்தான் அது போதவில்லை.

ஏனென்றால் மார்ச்சில் என் வால்வின் எண் மறந்துபோனது.
தினம் திருகிய கைக்கே தெரியவில்லை.
பிறகு மத்திமீன் கூட்டம் கரையில் வந்து விழுந்த வாரம்
ஊரே வாளியோடு ஓடியது.
நான் காரை விட்டு இறங்கவில்லை.
சவுந்தரி மடி நிறைய மீனோடு வந்து
முழங்கையால் கண்ணாடியைத் தட்டினாள்.
கழுத்தில் செதில் ஒட்டி மினுங்கியது.
பார்த்தேன்.
பார்த்தேன், அவ்வளவுதான்.

பதினொரு நாள் விழுங்காமல்
தூண்டில்முள் டப்பியில் போட்டுவைத்தேன்.
எது அடைத்திருக்கிறது என்று அறிய
ஒன்றைத் திறந்துவிட்டுக் காத்திருப்பதுதான்
எனக்குத் தெரிந்த வைத்தியம்.

பன்னிரண்டாம் நாள் டப்பி மேசைமேல் இருந்தது.
கத்துவாள் என்று நினைத்தேன்.
தக்காளி நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்:
"ஆலையை மூடின அன்னிக்கே
நீ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாச்சு.
மாத்திரை வந்தது அடுத்த வருஷம்."

வியாழக்கிழமை ரத்தம் எடுத்தார்கள்,
சுரப்பைப் பார்க்க.
முடிவு இன்னும் வரவில்லை.
சிபியா மருந்தை மாற்றி எழுதினாள்,
அடுப்படிக்குள் அவ்வளவாக நுழையாத ஜாதியாம்.

இன்றிரவு தகரத்தாள் கிழிந்தது. விழுங்கினேன்.
ஜன்னலுக்கு வெளியே
தீ இல்லாத புகைபோக்கி.

நாற்பத்தேழு.

கேட்காமலே வந்து நிற்கிறது எண்.
சொல்லலாமென்று இந்தப் பக்கம் திரும்பினேன்.
தூங்கியிருந்தாள்.
எழுப்பவா என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.