கயிற்றின் மறுநுனி

களுபோவிலையில், டயர்க்கடைக்கு மேலே,
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவேண்டிய ஓர் அறை.
மேசை இல்லை. ஊசி இல்லை.
நிலத்தில் ஒரு நீல றப்பர் பாய்,
அதன் நடுவில் சம்மணமிட்டுத் தில்ருக்‌ஷி.

சுருட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.
பதினொரு வயது. வலப் பின்னங்காலால்
நிலத்தைத் தொட்டுத் தொட்டுச்
சூடு பார்ப்பதுபோல் நடக்கிறவன்.
லிஃப்ட் பழுதாகும் நாட்களில், நாலாம் மாடிக்கு,
இருபத்திரண்டு கிலோவையும் நான்தான் சுமக்கிறேன்.
சிங்களத்தில் "இரு" என்றாள்.
தமிழில் ஏச்சு வாங்கியே வளர்ந்தவன்
என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு
இருந்தான்.

எக்ஸ்ரேயை நீட்டினேன்.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
கிணற்றடியில் மழைக்கு விட்ட சவர்க்காரம்போல்
தேய்ந்து கிடந்தது இடுப்பு.
"இதை எனக்கு மாத்த ஏலாது மிஸ்.
டொக்டர் தந்த குளிசைய நிப்பாட்டவும் வேணாம்.
சுத்தி இருக்கிறத மட்டும் பாக்கிறேன்."

பிறகு பேசவில்லை.

வலிக்கிற காலுக்குப் போகுமென்று நான் நினைத்த கை
போகவில்லை.
வாலடியில் கொஞ்சம் நின்றது.
அடகுக்கடைக்காரர் சங்கிலியின் கண்ணி பார்ப்பதுபோல்
முதுகெலும்பை ஒவ்வொன்றாய்த் தடவி ஏறி
கழுத்தில் வந்து தங்கிவிட்டது.
அழுத்தவில்லை, பிசையவில்லை,
சும்மா கிடந்தது. ஐந்து நிமிடம். கீழே
நட்டொன்றைக் கழற்ற முடியாத ஒருவன்
அதன் தாயை இழுத்துத் திட்டினான்.

நான் காசைப் பற்றி யோசித்தேன்.
ஆறாயிரத்து ஐந்நூறு. சும்மா கிடக்கிற கைக்கு.

"கயிறு எந்தக் கையில பிடிப்பீங்க?"
இடது.
"எங்க நடப்பீங்க?"
வெள்ளவத்தையில். கடல் பக்கம், தண்டவாளத்தை ஒட்டி.
"கோச்சி வரக்குள்ள?"

கோச்சி வரக்குள்ள.

சத்தம் கேட்க முன்னமே
என் மணிக்கட்டு ஒரு சுற்றுச் சுற்றும்,
கயிறு குறுகும், அவன் தலை
என் முழங்காலோடு ஒட்டும்.
காலையில் இரண்டு தரம், பின்னேரம் மூன்று,
ஒன்பது வருடமாய்.
அவனுக்கு முதல் எங்களிடம் இருந்தவளின் பெயரை
அந்த அறையில் நான் சொல்லவில்லை.
ஒரு நண்டுக்குப் பின்னால் ஓடியவள்.

சொல்லத் தேவை இருக்கவுமில்லை.
அவன் கழுத்தின் வலப்பக்கத்தில்
கோச்சி நேரசூசி முழுதும் இருந்தது.
என் பயம் கயிறு வழியே ஒழுகி
அங்கே இறுகி,
கழுத்துக்குத் தோள் முண்டுகொடுத்து
தோளுக்கு முதுகு முண்டுகொடுத்து
கடைசியில், ஏற்கெனவே தேய்ந்த அந்த இடுப்பில்
போய்க் குந்தியிருந்தது.

கை கொஞ்சம் நகர்ந்தது. கழுத்துத்தான் நகர்ந்ததோ.
சுருட்டு ஒரு கொட்டாவி விட்டான்,
அடித்தொண்டை தெரிய, நாக்கு மடிந்து.
பிறகு பக்கவாட்டில் சரிந்தான்
வலக்கால் மேலே வர.
அந்தக் காலை யாருக்கும் காட்டாமல்
மறைத்து மறைத்துப் படுத்தவன்.

சுகமாகிவிட்டான் என்று எழுதினால் பொய்.
அன்று பின்னேரம் எட்டுப் படி ஏறினான்.
ஒன்பதாவதில் நின்று என்னைப் பார்த்தான்.
தூக்கினேன்.

வீட்டுவேலை எனக்குத்தான் தந்திருக்கிறாள்:
கயிறு தொங்கவேண்டும்,
தேத்தண்ணிக் கோப்பையின் காதளவு வளைந்து.

நேற்றுத் தண்டவாளத்திலிருந்து நன்றாகத் தள்ளி
ஒழுங்கை முனையில் நின்றோம்.
இரும்பு முதலில் சிணுங்கியது.
என் மணிக்கட்டு சுற்றத் தொடங்கியது.
வலக்கையால் இடக்கையைப் பிடித்துக்கொண்டேன்.
வாசல்களில் தொங்கிய அலுவலகத்து மனிதர்களோடு
கோச்சி கடலை மறைத்தது,
பெட்டி பெட்டியாய்த் திருப்பித் தந்தது.

சுருட்டு நிமிரவே இல்லை.
இறால்வடை சுற்றிய கடதாசி ஒன்றை
மோந்துகொண்டிருந்தான்.

எனக்குத்தான் தோள் நோகிறது.