பதினேழாம் இலக்கம்

பண்ணைப் பாலத்துப் போட்டிக்கு விதி மூன்று:
ஒரு தூண்டில், ஒரு இடம், நாலு மணித்தியாலம்.
நாலாவது விதி தாளில் இல்லை,
என் நாரியில் இருக்கிறது.

போன முறை வாளியைக் கவிழ்த்து இருந்தேன்.
எட்டரைக்கு வாளியின் விளிம்பு
தன் வட்டத்தை என்னில் எழுதி முடித்தது.
ஒன்பதுக்குக் கால் இரண்டும் வேறு யாருடையவோ.
மிதவை தாழ்ந்ததைக் கண்டேன்,
எழும்பத்தான் முடியவில்லை.
ஒரு ஓரா இறாலையும் தின்று
என் மானத்தையும் தின்று போனது.

அதனால் இந்த முறை பெட்டி.

யூஜின் போனில் படம் காட்டினான்:
அலுமினியக் கால், ஆறு இழுப்பறை,
முதுகு சாய ஒரு பட்டை.
விலையை ரூபாயில் பெருக்கினோம்.
பிறகு இருவரும் கொஞ்ச நேரம்
கடலைப் பார்த்தோம்.

சோடாக் கிறேற் உறுதிதான்.
இருந்து எழும்பினால் நான் சதுரக்கோட்டுக் கொப்பி.
ரெஜிபோம் பெட்டிக்கு இரக்கம் உண்டு, பாரம் இல்லை;
வாடை ஒரு தட்டுத் தட்டினால்
எனக்கு முன்னம் அது மண்டைதீவுக்குப் போய்விடும்.

பழைய இரும்புக் கடையில் பச்சைப் பெட்டி ஒன்று.
மூடியில் எண்ணைச் சுரண்டியிருந்தார்கள்.
"அக்கா, இது நூறு வருசம் நிக்கும்" என்றான் பொடியன்.
நிக்கும்.
நான் அதில் இருந்து பார்க்கவில்லை.

கடைசியில் குருநகர்ச் சந்தையில்
பிணைச்சல் உடைந்த ஐஸ் பெட்டி, நீலம்.
முழங்காலும் இடுப்பும் ஒரே மட்டத்தில் நின்றன.
அது போதும் என்று வாளி எனக்குப் படிப்பித்திருந்தது.
பழைய செருப்பை வெட்டி நாலு மூலைக்கும் ஒட்டினேன்,
வழுக்காமல் இருக்க.

மூடிக்கு மெத்தை தைக்க
ஓட்டோ சீற் தைக்கும் தயாபரனிடம் போனேன்.
"எவ்வளவு தூரம் ஓடும்?"
"ஓடாது. நாலு மணித்தியாலம் ஒரே இடம்."
ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னான்:
"அப்ப தடிச்ச ஸ்பொஞ்ச் வேணும்.
ஓடுற சீற் ஆளை ஆட்டி ஆட்டிக் காப்பாத்தும்.
நிக்கிற சீற்தான் கொல்லும்."

வெள்ளிக்கிழமை கூட்டுறவுச் சங்கத்தில்
கதிரையைத் தள்ளிவிட்டு
பெட்டியில் இருந்து பேரேடு எழுதினேன்.
முகாமையாளர் எட்டிப் பார்த்தார்.
"என்ன கொறற்றி, கதிரை உடைஞ்சிட்டுதோ?"
"இல்லை சேர், ஒத்திகை."
மண்ணெண்ணெய்க் கணக்கில் ஒரு பிழையும் விடவில்லை.

ஞாயிறு காலை ஆறரை, விசில்.
வெயில் என் வலத்தோளில் ஏறி
இடத்தோளால் இறங்குவதற்குள்
மூன்று மீன்:
ஓரா இரண்டு, மணலை ஒன்று,
எழுநூற்று நாற்பது கிராம்.
கெளிறு ஒன்றும் வந்தது, அதைக் கணக்கில் எடுக்கவில்லை,
விரலில் மட்டும் எடுத்தேன்.

முதல் பரிசு நிக்சனுக்கு.
கவிழ்த்த வாளியில் இருந்தான்.
பத்தொன்பது வயது.
நாரி என்று ஒன்று இருப்பதை
அவனுக்கு இன்னும் ஒருவரும் அறிவிக்கவில்லை.

படத்துக்கு எழும்பச் சொன்னார்கள்.
கை எங்கும் ஊன்றாமல் எழும்பினேன்.
யாரும் கவனிக்கவில்லை,
கவனிக்க வேண்டியதும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில்தான் பிடிபட்டது:
என் பெட்டியில் ஒரு பெரிய பிழை.
மீனை உள்ளே போட
மூடியைத் திறக்க வேண்டும்,
மூடியைத் திறக்க
நான் எழும்ப வேண்டும்.
மூன்று மீனுக்கு மூன்று தரம்.
தயாபரன் சொன்ன ஆட்டம் அதுதான்.

திருத்தவில்லை.
அடுத்த முறை
ஒன்பது தரம் எழும்பிப் பார்க்க ஆசை.